'ஒரே குடும்பம்' என்றால் சம்பளச் சீட்டு எங்கே?

"ஷூட்டிங் ஸ்பாட்ல செம ஜாலிங்க... யூனிட்டே ஒரு குடும்பம் மாதிரி!"

எந்த நகைச்சுவைத் தொடரின் பேட்டியைத் திறந்தாலும் இந்த வரி வந்துவிடும். அடுத்து இயக்குநரின் நாற்காலியை யார் ஒளித்து வைத்தார்கள், எந்த டேக்கில் யாருக்குச் சிரிப்பு அடங்கவில்லை, யார் தூங்கும்போது யார் போட்டோ எடுத்தார்கள் என்று நாலு கதை. பேட்டி எடுப்பவர் விழுந்து விழுந்து சிரிப்பார். கடைசியில் "திரைக்குப் பின்னால்" என்று தலைப்பு வைத்து வெளியிட்டு விடுவார்கள். திரைக்குப் பின்னால் உண்மையில் நடந்தது என்ன? அதைத் தவிர மற்ற எல்லாம் அதில் இருக்கும்!

இதே வரியை நம்பி வாழ்கிற இன்னொரு இடமும் உண்டு. இரவு ஒன்பது மணிக்கு மேல் காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தால் தெரியும். கிராஸ்கட் ரோட்டு ஜவுளிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் பகல் முழுக்க வாடிக்கையாளருக்கு விரித்துக் காட்டி, மடித்து வைத்து, மறுபடி விரித்துக் காட்டிய பெண்கள் பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். கையில் செல்போன். அதில் ஓடுவது பெரும்பாலும் ஏதோ ஒரு காமெடித் துணுக்கு. மேனேஜர் அசடு வழிவார், வேலைக்காரர் சமாளிப்பார், இவர்கள் சிரிப்பார்கள். காலையில் இவர்களுடைய நிஜ மேனேஜரும் அதையேதான் சொல்லியிருப்பார்: "இங்க நாம எல்லாம் ஒரே குடும்பம்." அந்தக் குடும்பத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார 2021 வரை தமிழ்நாட்டில் சட்டம் தேவைப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. கேரளா அதை 2018-லேயே செய்துவிட்டது. கடைப் பெண்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் அங்கும் அது நடந்தது.

இரண்டு இடத்திலும் ஒரே வரி. இது தற்செயல் அல்ல. வேலையைப் பற்றிப் பேசாமல் இருப்பதற்கு "குடும்பம்" என்ற சொல்லைப் போல வசதியான போர்வை வேறு இல்லை. குடும்பத்தில் யாராவது சம்பளம் கேட்பார்களா? குடும்பத்தில் ஓவர்டைம் உண்டா?

கிண்டல் செய்யப்படுவது யார்?

அலுவலக சிட்காம் என்ற வகையே இந்த வரியைக் கிண்டல் செய்யத்தான் பிறந்தது. 2001-ல் ரிக்கி ஜெர்வைஸும் ஸ்டீபன் மெர்ச்சன்ட்டும் பிரிட்டனில் எடுத்த 'தி ஆபீஸ்' தொடரின் மேலாளர், தன்னை எல்லாருக்கும் நண்பன் என்று நினைத்துக் கொள்கிற ஆள். 2005-ல் கிரெக் டேனியல்ஸ் அதை அமெரிக்காவுக்குக் கொண்டு போனபோது வந்த மைக்கேல் ஸ்காட் இன்னும் ஒரு படி மேலே. ஊழியர்களைத் தன் குடும்பம் என்றே நம்புகிறவர். சிரிப்பு வருவதே அங்கேதான். அவர் பேசுவதற்கும் அந்த ஆபீஸில் நடப்பதற்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில் விழுந்துதான் பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள்.

தமிழிலும் முயற்சிகள் உண்டு. 2013-ல் விஜய் டிவியில் 'ஆபீஸ்' என்றே ஒரு தொடர் வந்தது. ஐ.டி. கம்பெனி, காதல், கலகலப்பு. 2024-ல் அமேசான் பிரைமில் நாகா இயக்கிய 'தலைவெட்டியான் பாளையம்' வந்தது. 2020-ல் தொடங்கிய இந்தி 'பஞ்சாயத்'தின் தமிழ் வடிவம் அது. ஊராட்சி அலுவலகத்துக்கு வேலைக்கு வந்து மாட்டிக் கொண்ட இளைஞனின் கதை. இந்தி மூலம் உத்தரப் பிரதேசத்தில் நடப்பதாகக் கதை. எடுத்ததோ மத்தியப் பிரதேசத்தின் மஹோடியா என்ற கிராமத்தில், நிஜமான பஞ்சாயத்து அலுவலகத்திலேயே. இதுதான் கேட்க வேண்டிய பின்னணிக் கதை! நிஜ அலுவலகத்துக்குள் யூனிட் இறங்கும்போது அந்த ஊர் வேலை எப்படி நடந்தது, கிராமத்துக்காரர்கள் எத்தனை பேர் நடித்தார்கள், அவர்களுக்கு என்ன பேட்டா? இதை யார் கேட்கிறார்கள்? யாரும் கேட்பதில்லை. வெயில் அதிகமா இருந்ததா என்றுதான் கேட்கிறார்கள்.

ஒரு எபிசோடின் நிஜமான கதை

திரைக்குப் பின்னால் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு எபிசோட் போதும். அமெரிக்க 'தி ஆபீஸ்' தொடரின் 'டின்னர் பார்ட்டி'. லீ ஐசன்பர்க், ஜீன் ஸ்டுப்னிட்ஸ்கி இருவரும் எழுதியது, பால் ஃபீக் இயக்கியது. மேலாளர் மைக்கேல் தன் வீட்டுக்கு ஊழியர்களை விருந்துக்குக் கூப்பிடுகிறார். அவருக்கும் காதலிக்கும் இடையில் நடக்கும் சண்டையில் விருந்தாளிகள் தப்பிக்க வழியில்லாமல் மாட்டிக் கொள்கிறார்கள். அவ்வளவுதான் கதை.

இதைப் பற்றி உலகம் முழுக்கச் சொல்லப்படும் கதை எது? மைக்கேல் தன் குட்டியூண்டு பிளாஸ்மா டிவியைப் பெருமையாகக் காட்டுகிற ஷாட்டில் ஜான் க்ராசின்ஸ்கிக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை, டேக் மேல் டேக் போனது என்பதுதான். நல்ல கதைதான், மறுக்கவில்லை.

ஆனால் அதே எபிசோடுக்கு இன்னொரு கதையும் இருக்கிறது. எல்லாரும் சுற்றி உட்கார்ந்து ஸ்கிரிப்டை வாசித்துப் பார்த்தாயிற்று, பிரமாதமாக வந்திருந்தது. அந்தச் சமயத்தில், 2007 நவம்பர் 5-ஆம் தேதி அமெரிக்க எழுத்தாளர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. எழுத்தாளர்கள் பதாகை பிடித்துத் தெருவில் நின்றார்கள். நாயகன் ஸ்டீவ் கரெல் அவர்களைத் தாண்டிக்கொண்டு வேலைக்குப் போக மறுத்துவிட்டார். நாயகன் இல்லாமல் என்ன படப்பிடிப்பு? நின்றது. நூறு நாள் நடந்த வேலைநிறுத்தம் 2008 பிப்ரவரி 12-ல்தான் முடிந்தது. திரும்பி வந்து எடுத்த அந்த எபிசோட் ஏப்ரல் 10-ஆம் தேதி ஒளிபரப்பானது.

எதற்காக அந்தச் சண்டை? இதே தொடரே அதற்கு உதாரணம். 2006 கோடையில் இந்தத் தொடரின் கணக்குப் பிரிவு பாத்திரங்களை வைத்து 'தி அக்கவுண்டன்ட்ஸ்' என்று இணையத்துக்கென்றே பத்து குட்டிப் படங்கள் எடுத்தார்கள். சேனல் அதை இணையத்தில் விளம்பரத்தோடு போட்டது. அதற்கு எம்மி விருதும் கிடைத்தது. எழுதியவர்களுக்கு? தனிச் சம்பளம் இல்லை. அது தொடருக்கான "விளம்பரம்" தானே, அதற்கு எதற்குக் காசு என்பது நிர்வாகத்தின் வாதம். போராட்டக் களத்தில் நின்றபடியே எழுத்தாளர்கள் இதை வீடியோவாக எடுத்து அதே இணையத்தில் போட்டார்கள். அலுவலகத்தில் ஊழியர்களை ஏமாற்றும் நிர்வாகத்தைப் பற்றிச் சிரிப்பு எழுதியவர்களை, அவர்களுடைய நிர்வாகம் ஏமாற்றியது! இதைவிடப் பெரிய நகைச்சுவையை எந்த எழுத்தாளனால் எழுத முடியும்?

அந்தத் தொடரில் இன்னொரு விசேஷமும் உண்டு. பி.ஜே. நோவாக், மிண்டி கேலிங், பால் லீபர்ஸ்டைன் போன்றவர்கள் எழுதவும் செய்தார்கள், அதே அலுவலகத்தில் ஊழியர்களாக நடிக்கவும் செய்தார்கள். எழுத்து வேலை யாருடையது என்று பார்ப்பவருக்கு முகம் தெரிந்தது. அதனால்தான் அவர்கள் தெருவில் நின்றபோது ரசிகர்களுக்கு உறைத்தது. முகமில்லாத எழுத்தாளன் தெருவில் நின்றால் யாருக்கு உறைக்கும்?

சிங்காநல்லூரில் காணாமல் போன பெயர்

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நம்ம ஊரில் என்ன என்று கேட்பவர்கள் காந்திபுரத்தில் பஸ் ஏறி சிங்காநல்லூர் வரை போய்விட்டு வரலாம். 1930-களிலிருந்து அங்கே சென்ட்ரல் ஸ்டுடியோ இருந்தது. பட்சிராஜா ஸ்டுடியோவும் சேர்ந்து, கோயமுத்தூர் ஒரு காலத்தில் சினிமா ஊராகவே இருந்தது. மில்லுக்கு ஷிப்டு போவதைப் போலத்தான் நடிகர்களும் எழுத்தாளர்களும் ஸ்டுடியோவுக்கு வேலைக்குப் போனார்கள்.

அங்கே ஜூபிடர் பிக்சர்ஸ் எடுத்த 'ராஜகுமாரி' 1947-ல் வந்தது. எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த படம். அதற்கு வசனம் எழுதியவர்களில் ஒரு இளைஞர் இருந்தார். படத்தின் டைட்டிலில் அவர் "உதவி" ஆனார். அடுத்த ஆண்டு 'அபிமன்யு'. அதற்கும் எழுதினார். இந்த முறை டைட்டிலில் அவருடைய பெயரே இல்லை. படம் பார்க்கப் போய்த் தன் பெயரைத் தேடிக் காணாமல் திரும்பிய அந்த இளைஞரின் பெயர் மு. கருணாநிதி.

பிற்பாடு அவர் ஐந்து முறை முதலமைச்சர் ஆனதால் இந்தக் கதை வெளியே தெரிந்தது. தன் வாழ்க்கை வரலாற்றை எழுத அவருக்கு வாய்ப்பும் செல்வாக்கும் இருந்தன. முதலமைச்சர் ஆகாத எழுத்தாளர்களின் கதையை யார் எழுதுவார்கள்? அந்த ஸ்டுடியோக்களில் பெயர் தொலைத்தவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு இல்லை, ஏனென்றால் தொலைந்த பெயர்களை எண்ண முடியாது.

எழுபத்தைந்து ஆண்டுக்கு முந்தைய கதை என்று தள்ளிவிட முடியுமா? இன்று டைட்டில் கார்டே இல்லாத இரண்டு நிமிட வீடியோக்களின் காலம். யார் எழுதியது, யார் ஒளிப்பதிவு, யார் எடிட்டிங் என்று ஒரு வரி கூட இல்லாமல் ஒரு முகமும் ஒரு லோகோவும் மட்டும் போகிறது. 'அபிமன்யு' ஒரு பெயரை விழுங்கியது. இப்போது பெயர் போடும் வழக்கத்தையே விழுங்கிக் கொண்டிருக்கிறார்கள்.

குசும்பு இருக்கிறது, கூலி?

கோயமுத்தூர்க் குசும்புக்கு விளம்பரம் தேவையில்லை. மரியாதையாக "ஏனுங்க" என்று ஆரம்பித்து, "போட்டுமுங்க" என்று முடிப்பதற்குள் எதிராளியைக் குத்திக் கிழித்து விடுகிற பேச்சு அது. அந்தப் பேச்சை வைத்தே ஒரு கூட்டம் ஜெயித்தும் காட்டிவிட்டது. 2010-களின் பிற்பாதியில் கிளம்பிய 'நக்கலைட்ஸ்' யூடியூப் சேனல் கோவையில் இருந்தபடியே, கொங்குத் தமிழிலேயே, தமிழ்நாடு முழுக்கச் சிரிக்க வைத்தது. 'அம்முச்சி' தொடரின் இரண்டாம் பாகம் 2022-ல் ஆஹா தளத்துக்குப் போனது. அதை இயக்கிய ராஜேஸ்வர் காளிசாமி 2025 ஜனவரியில் 'குடும்பஸ்தன்' எடுத்தார். அதன் எழுத்தில் பிரசன்னா பாலச்சந்திரன் பங்கு பெற்றார். விளம்பரக் கம்பெனி வேலையை இழந்துவிட்டு, வீட்டில் சொல்ல முடியாமல், கடனுக்கு மேல் கடன் வாங்கும் ஒரு கோவை இளைஞனின் கதை அது. வேலை போவதும் சம்பளம் வராததும் எப்பேர்ப்பட்ட நகைச்சுவை, எப்பேர்ப்பட்ட வலி என்று தமிழுக்குக் காட்டிய படம். சென்னைக்கு ரயில் ஏறாமலேயே ஆரம்பிக்கலாம் என்பதும், எழுதியவர் பெயர் வெளியே தெரிந்தால் அவர் அடுத்த படிக்குப் போவார் என்பதும் இதில் கிடைக்கும் பாடம்.

ஆனால் இந்த வெற்றியைப் பார்த்து ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் கிளம்புகிற பையன்களும் பெண்களும் எங்கே போய் மாட்டுகிறார்கள்? "சம்பளம் இல்ல தம்பி, ஆனா நல்ல எக்ஸ்போஷர் கிடைக்கும்." "இப்ப எழுதிக் கொடு, சேனல் வளரட்டும், பாத்துக்கலாம்." "நாம எல்லாம் ஒரே குடும்பம்தானே!" விஸ்காம் படித்த பெண் காலை ஆறு மணிக்கு கேமரா தூக்கி, மதியம் பிரியாணிப் பொட்டலம் வாங்கி வந்து, ராத்திரி எடிட்டிங் முடித்துக் கொடுத்துவிட்டுக் கடைசி பஸ்ஸைத் தவறவிடுகிறாள். மறுநாள் மேக்கிங் வீடியோவில் அவள் வருவாள். எப்படி? கேமரா ஸ்டாண்டில் கால் தடுக்கி விழுகிற ப்ளூப்பராக! எல்லாரும் சிரிப்பார்கள். அவள் ஏன் தடுமாறினாள், எத்தனை மணி நேரம் தூங்கவில்லை என்று அந்த வீடியோ சொல்லாது.

தூக்கம் இல்லாத தளத்தில், பாதுகாப்பு இல்லாத தளத்தில் என்ன நடக்கும் என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியும். 2020 பிப்ரவரி 19 அன்று சென்னையை ஒட்டிய ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். கோடிகள் புரளும் படத்திலேயே அந்த நிலை. கேரளாவில் 2017-ல் அமைத்த ஹேமா கமிட்டியின் அறிக்கை 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லை, ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகளுக்குக் கழிப்பறை கூட இல்லை என்று அது சொன்னது. அந்தத் தளங்களிலிருந்தும் எத்தனை "ஜாலி" பேட்டிகள் வந்திருக்கும்!

"சின்ன டீம்ங்க... காசுக்கு எங்க போறது?"

இதற்கு வருகிற பதில்களும் தெரிந்தவைதான்.

முதல் பதில்: "ஆரம்பிக்கிறப்ப யார்கிட்டங்க காசு இருக்கும்?" நியாயமான கேள்வி. கூட்டாளிகள் நாலு பேர் சேர்ந்து, நஷ்டத்தையும் லாபத்தையும் சமமாகப் பிரித்துக்கொண்டு எடுத்தால் யாரும் கேட்கப் போவதில்லை. அது கூட்டு. ஆனால் சேனல் ஒருவர் பெயரில், விளம்பர வருமானம் ஒருவர் கணக்கில், "குடும்பம்" மட்டும் எல்லாருக்கும் என்றால் அது கூட்டு அல்ல. கிராஸ்கட் ரோட்டில் அதற்கு வேறு பெயர்: முதலாளி, தொழிலாளி. காசு இல்லாவிட்டால் பங்கு எழுதிக் கொடுக்கலாமே? அதற்கு வேண்டியது ஒரு வெள்ளைத் தாளும் ஒரு பேனாவும்தான்.

இரண்டாவது பதில்: "சட்டம் எல்லாம் கலைக்கு ஒத்து வராதுங்க." சட்டம் ஏற்கனவே வந்துவிட்டது, இவர்களுக்குத்தான் தெரியாது. சினிமாத் தொழிலாளரை எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1981-லேயே மத்திய சட்டம் வந்தது. படத்துக்கு எழுதியவருக்குத் தியேட்டருக்கு வெளியே நடக்கும் பயன்பாட்டில் ராயல்டி உரிமை உண்டு என்று 2012-ல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. 2020-ல் நிறைவேறி 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், ஒப்பந்த விதியைத் தொலைக்காட்சிக்கும் இணையத் தொடர்களுக்கும் விரித்துவிட்டது. ஸ்டூலுக்கான சட்டம் வந்தும் எல்லாக் கடையிலும் ஸ்டூல் வந்துவிடவில்லை என்பதும் உண்மைதான். கேட்க ஆள் இருந்தால்தான் சட்டத்துக்கு உயிர் வரும்.

மூன்றாவது பதில்தான் ரொம்ப நைசானது: "பாக்கறவங்களுக்கு ஜாலிதாங்க வேணும், சம்பளக் கணக்கை யார் கேப்பாங்க?" பார்ப்பவர்களை இவ்வளவு மட்டமாக நினைக்க வேண்டாம். ராத்திரி பஸ் ஸ்டாண்டில் போன் பார்த்துச் சிரிக்கிற பெண்ணுக்குச் சம்பளக் கணக்கு புரியாதா? பன்னிரண்டு மணி நேரம் நிற்பது என்றால் என்ன என்று பேட்டி எடுக்கும் ஆளைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். திரைக்குப் பின்னால் நின்றவர்களும் தன்னைப் போலவே கால் கடுக்க நின்றவர்கள் என்று தெரிந்தால் அவள் சிரிப்பை நிறுத்த மாட்டாள். கொஞ்சம் கூடுதல் மரியாதையோடு சிரிப்பாள்.

இனி கேட்க வேண்டிய கேள்விகள்

ஆகவே, அடுத்த முறை "திரைக்குப் பின்னால்" என்று மைக்கை நீட்டுகிறவர்கள் நாற்காலியை ஒளித்து வைத்த கதையைத் தாராளமாகக் கேட்கட்டும். அதோடு நாலு கேள்வி சேர்த்துக் கேட்கட்டும். இந்த எபிசோடை எழுதியது யார், அவர் பெயர் எங்கே? எத்தனை மணிக்கு ஆரம்பித்து எத்தனை மணிக்கு முடித்தீர்கள்? லைட் தூக்கியவருக்கும் டீ கொடுத்தவருக்கும் அன்றைக்கே பேட்டா போனதா? ராத்திரி கிளம்பிய பெண்கள் வீடு போய்ச் சேர வண்டி இருந்ததா?

இந்த நாலுக்கும் நேராகப் பதில் சொல்கிற குழு நிஜமாகவே ஜாலியான குழுவாகத்தான் இருக்கும். பதில் சொல்லாமல் "அட, நாங்க எல்லாம் ஒரே குடும்பம்ங்க" என்று சிரித்து மழுப்புகிறவர், தன் தொடரில் தானே கிண்டல் செய்த மேலாளர்தான். கேமராவுக்கு முன்னால் அந்த ஆளைப் பார்த்து ஊரே சிரிக்கிறது. கேமராவுக்குப் பின்னால் அவர் நின்றால் மட்டும் ஏன் கைதட்ட வேண்டும்?